பதினேழு எழுத்து

மூன்றாம் ஜன்னலில் இருப்பவள் நான்.
டுலூத்தில் மார்ச் மாதம், ஏரி இன்னும் உருகவில்லை,
வருகிறவர்களின் பூட்ஸிலிருந்து
சாலை உப்புதான் உருகித் தரையெல்லாம்.
ஐம்பத்திரண்டு என்றேன்.
இரண்டு பேர் எழுந்தார்கள்,
நடுவே ஒரு நாற்காலி காலியாய் விட்டு
உட்கார்ந்திருந்தவர்கள்.

மரீட்டா. டுவேய்ன்.
இரண்டு சுபாரு, இரண்டும் சாம்பல்,
ஆறு வருடம் முன்பு ஒரே கடையில்
ஒரே பனிப்புயலில் எடுத்தவை.
ஜோடியாய் எடுத்தால் தள்ளுபடி
என்று ஒருவன் சொல்லியிருக்கிறான்.
அவன்தான், விறைத்த கையோடு,
இதன் தகட்டை அதிலும்
அதன் தகட்டை இதிலும் முடுக்கியிருக்க வேண்டும்.

விவாகரத்துத் தீர்ப்பில்
நாய்க்கு அடுத்த பத்தி கார்.
இன்ன எண் அவளுக்கு, இன்ன எண் அவனுக்கு.
நீதிபதி எண்ணைப் பிரித்தார்.
இரும்பை யார் இறங்கிப் போய்ப் பார்த்தார்கள்?

போன வாரம் இவள் விற்கப் போனாள்.
வாங்க வந்த பையன்
முன்கண்ணாடி ஓரத்தில் குனிந்து
பதினேழு எழுத்தையும் விரல்வைத்துப் படித்துவிட்டுக்
கேட்டானாம்: இது யாருடையது?

டார்ச்சோடு நானும் போய்ப் பார்த்தேன்.
பையன் சொன்னது சரி.
தகடு சட்டை மாதிரி, மாற்றிக்கொள்ளலாம்.
இது மச்சம்.

கணக்கு இப்படி வந்தது:
இவள் கடைசித் தவணைவரை கட்டிய காரில்
அவன் வேலைக்குப் போயிருக்கிறான்.
அவன் கட்டியதன் பின் சீட்டில்
நாய் முடி, இவள் நாய்.
"நான் போன நவம்பரில்தான்
நாலு டயரும் புதுசு போட்டேன்," என்றான் டுவேய்ன்,
யாரிடம் என்று இல்லாமல்.

இரண்டு வழி இருக்கிறது என்றேன்.
காரை மாற்றிக்கொள்ளலாம்.
அல்லது காகிதத்தை.
இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுத்தால்
ஓட்டுவது ஓட்டுகிறவருக்கே.

கார் மாற்றினால் இவளுக்கு லாபம்,
புது டயருக்கு இன்னும் நானூறு டாலர் ஏறும்.
எனக்குத் தெரிந்தது, இவளுக்குத் தெரியாமலா?
"காகிதம்," என்றாள்.

படிவத்தில் ஏழாவது கேள்வி:
கொடுப்பவர் பெறுபவருக்கு என்ன உறவு?
அவன் பேனாவை வைத்தான், எடுத்தான்.
அவள் கூரை விளக்கைப் பார்த்தாள்.
வரிசையில் ஐம்பத்து மூன்று இருமினார்.
நான் படிவத்தை என் பக்கம் இழுத்து
"பிற" என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.
சம்பளத்துக்குள் அடங்கிய வேலைதான்.

கையெழுத்து, தேதி, கையெழுத்து.
கிளம்புகிற நேரத்தில் மரீட்டா
பைக்குள் துழாவி ஒரு கடிதத்தை எடுத்தாள்.
காபிக் கறை, இரண்டு வருடப் பழசு,
கம்பெனி அனுப்பியது:
காற்றுப்பை பழுது, உடனே கொண்டுவரவும்.
பெயர் இவளுடையது. பதினேழு எழுத்து
அவன் ஓட்டுகிற காருடையது.
"நான் இழுப்பறையில் போட்டுவிட்டேன்," என்றாள்.
"இன்றைக்கே போ."

அவன் நின்றபடியே படித்தான்.
மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.
சரி என்றான், சரி,
இன்னொரு தரமும் சரி.

ஐம்பத்து மூன்று என்று கூப்பிட்டுக்கொண்டே
ஜன்னல் வழியே பார்த்தேன்.
இரண்டு சாம்பல் கார்கள், அதே இடத்தில்.
இத்தனைக்கும் ஒரு திருகுகூட
அசையவில்லை.
அவன் வலப்புறம் திரும்பினான்,
பட்டறை இருக்கிற பக்கம்.