முதல் மாதம் இலவசம்

கிரென்ஷனில் மணிக்கூட்டுக் கொம்பனி
அரைநேர வேலை என்று அறிவித்த அடுத்த கிழமை
எங்கள் கட்டடத்து ஆறு தபால்பெட்டிகளில்
பெயர் கழன்றது.

வெறும் வீடுகளைத் துடைப்பவள் நான்.
செய்தி வாசிக்க முதலே எனக்குத் தெரிந்துவிடும்.
அடுப்புக்குப் பின்னால் எண்ணெய் எவ்வளவு,
சுவரில் ஆணித்துளை எத்தனை,
போனவர் ஆறுதலாய்ப் போனாரா
அந்தரப்பட்டுப் போனாரா.
துளைகளைப் பற்பசையால் அடைத்திருந்தால்
கையில் காசில்லாமல் போயிருக்கிறார்.

மார்கழியில் பதினொரு வீடு.
தையில் பதினெட்டு.
ஊரில் எல்லோருக்கும் வேலை குறைய
எனக்கு மட்டும் கூடியது.
மீன்கடை வரிசையில் யாரும் சுகம் விசாரித்தால்
"பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு
விறாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தக்காளி இறங்கும்.
தங்கம்கூட ஒருநாள் இறங்கும்.
வாடகை மட்டும்
குனிந்தால் தலைப்பாகை விழுமென்று
நிமிர்ந்தே நடக்கிற பெரிய மனிசன்.
வாசல் கண்ணாடியில் முதலில் ஒரு தாள் ஒட்டினார்கள்:
முதல் மாதம் இலவசம்.
பிறகு, இரண்டு மாதம்.
பிறகு, கார் நிறுத்த இடம்,
கையெழுத்துப் போடுகிறவருக்குத்
தளபாடக் கடையில் ஐந்நூறு பிராங்க் கூப்பன்.
ஆயிரத்து நானூற்று எண்பது என்ற எண்
மழையில் கரையாத மையில்
அப்படியே நின்றது.

நிலக்கீழ்ச் சலவை அறையில்
செவ்வாய் என்னுடைய முறை,
புதன் பெர்னாண்டாவுடையது.
ஐந்தாம் மாடிக்குப் புதிதாய் வந்தவள்.
அவள் வீட்டைத் துடைத்துக் கொடுத்ததும் நான்தான்.
மெசினுக்குள் கிடந்த என் மகனின் காலுறையைத் தந்தபடி
வஞ்சகமில்லாமல் சொன்னாள்:
ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு.

அதே மூன்றரை அறை.
அதே பல்கனி, யூரா மலையில் அதே பனி.
என் தலைக்கு நேர் மேலே நடக்கிறாள்,
இருநூற்றுத் தொண்ணூறு பிராங்க்
பாரம் குறைந்த காலால்.
பதினாறு வருடம் ஒருநாளும் பிந்தாமல் கட்டினவள் நான்.
பிந்தாமல் கட்டுகிறவளுக்கு
யார் தாள் ஒட்டுவார்கள்?

அழுத பிள்ளை பால் குடிக்கும்.
இந்த நாட்டில் அந்த அழுகையைப்
பதிவுத் தபாலில் அனுப்ப வேணும்.
வட்டி இறங்கினால் வாடகையும் இறங்கலாம் என்று சட்டம்,
ஆனால் கேட்டால்தான் இறங்கும்.

"விடும். பிறகு வீட்டாலை எழுப்பிப் போடுவாங்கள்"
என்றார் குகதாசன்,
அரைநாள் வேலைக்காரர்,
மீதி அரைநாளைக் குசினி மேசையில் விரித்து வைத்திருந்தவர்.
நான் எழுதினேன்.
பெருமதிப்புக்குரிய என்ற சொல்லில் மட்டும்
மூன்று தரம் எழுத்துப் பிழைத்தது.

ஐந்தாம் கிழமை பதில்.
சித்திரை முதல் எண்பத்தைந்து பிராங்க் குறைப்பு.
வருந்துகிறோம் என்றும் இல்லை,
மகிழ்கிறோம் என்றும் இல்லை.
அடியில், பொடி எழுத்தில், உரிமையாளர்:
ஆரெதால் ஓய்வூதிய நிதியம்.
பக்கத்தில் ஒரு பச்சை மரம்.

அந்த மரத்தை எனக்குத் தெரியும்.
வருடம் ஒருமுறை இவருக்கு வரும் கடிதத்தில் நிற்கிற மரம்.
அறுபத்தைந்தாம் வயதில் உமக்கு இவ்வளவு கிடைக்கும்
என்று சொல்லுகிற மரம்.
கோப்பை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்.
ஒரே மரம். ஒரே ஏழு இலை.

குகதாசன் கனநேரம் பார்த்தார்.
"அப்ப நீர் என்னட்டையோ
குறைக்கச் சொல்லிக் கேட்டனீர்?"
சிரிப்பா அது என்று
இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.
எங்கள் கிழட்டுக் காலத்திலிருந்து
எண்பத்தைந்து பிராங்கைக் கிள்ளி எடுத்து
அன்றிரவு இறால் வாங்கிச் சமைத்தோம்.

திங்கள் காலை நிர்வாகி லூத்தி
எதிர்வீட்டுத் திறப்பைத் தந்தார்,
கூடவே ஒரு புதுத் தாளும்.
பழையதைப் பிளேடால் சுரண்டினேன்.
பசை மூலைகளில் விடாப்பிடியாய் இருந்தது.
வெந்நீர் ஊற்றினேன்.
பிறகு, முதல் மூன்று மாதம் இலவசம்,
சரியாமல், நேராய்,
என் கையாலேயே ஒட்டினேன்.