விதி நாற்பத்தொன்று

தொண்டியில் நண்டுக் கம்பெனியின் மாடியறை.
ஏ.சி. சர்வருக்கு.
அதன் தயவில் நானும் குளிர்ந்துகொள்கிறேன்,
சித்திரை வெயிலில் சால்வை போர்த்தி.

கீழே நீலக்கால் நண்டு வேகிற ஆவி
ஜன்னல் கண்ணாடியில் ஏறி நிற்கும்.
விரலால் ஒரு வட்டம் துடைத்தால் கடல்.
இந்தப் பக்கம் பெண்கடல்,
சத்தம் போடாது.

சிஸ்டத்துக்கு 'நிபுணர்' என்று பெயர்.
கொச்சியிலிருந்து வந்து மாட்டிவிட்டுப் போனார்கள்.
மூன்று நாள் பயிற்சி, தடித்த ஒரு கோப்பு.
எதையும் 'என்றால்' போட்டு எழுதுங்கள் மேடம் என்றார்கள்.
எழுதினேன்.
நண்டு நூறு கிராமுக்குக் கீழ் என்றால், திருப்பு.
ஓடு மெத்தென்று இருந்தால், தனிக்கூடை.
வாடை பலத்தால், டீசல் முன்பணம் பாதி.
சினை தெரிந்தால், கடலுக்கே.
(இது மட்டும் யாரையும் கேட்காமல் எழுதியது.)
மொத்தம் இருநூற்று எட்டு.

இன்று காரங்காட்டுச் சந்தியாகு வந்தார்.
வலை கிழிந்துவிட்டது, பன்னிரண்டாயிரம் வேண்டும்.
எண்ணைத் தட்டினேன். திரை சிவந்தது.
அவருக்குப் பழக்கம்தான்.
"நம்ம விதி" என்றார்.
இல்லண்ணே, இது அந்த விதி இல்லை,
இது வேற,
என்று தொடங்கியவள்
எப்படி வேற என்று தெரியாமல் நிறுத்தினேன்.

மூலையில் 'ஏன்?' என்றொரு பொத்தான் உண்டு.
நாலு வருஷமாக யாரும் தொட்டதில்லை,
திரைக்கு வெளியே நிற்கிறவர்களுக்குத்தான்
அந்தக் கேள்வி வரும்.
அழுத்தினேன்.

*முன்பணம் மறுப்பு. விதி 41.
சரக்கை ஒருமுறை வெளியாளுக்கு விற்ற வள்ளம் என்றால்,
இனிக் கடன் இல்லை.
எழுதியவர்: நூ.ஜ.
மார்ச் 9, மாலை 3.12.*

நூ.ஜ. என்பது நூர்ஜமீலா.
நூர்ஜமீலா என்பது நான்.

அன்று தூத்துக்குடியில் கண்டெய்னர் நின்றது,
மூன்று பெட்டி குறைவு.
செய்யது அபுதாகிர் போனிலேயே என்னைக் கடித்துக்கொண்டிருந்தார்.
சாப்பாட்டு டப்பா திறக்கவேயில்லை.
அப்போதுதான் யாரோ சொன்னார்கள்,
சந்தியாகு நாற்பது கிலோவை
மண்டபத்து ஏவாரிக்குத் தள்ளிவிட்டார் என்று.
தட்டினேன் நாற்பத்தொன்றை.
டீ குடித்துவிட்டு வந்து அழித்துவிடலாம் என்றிருந்தேன்.
டீக்குப் பிறகு அடுத்த லோடு வந்தது.

என் கோபம் அன்று மஃரிபுக்குள் ஆறிவிட்டது.
பெட்டிக்குள் போனது ஆறவில்லை.
அதற்குக் கோபமே இல்லை, அதனால்தான்.
பசித்தவள் பசி தீர்ந்தால் மறப்பாள்,
பசி என்னவென்றே தெரியாதது
எதை வைத்து மறக்கும்?

அறுபத்துமூன்று முறை ஓடியிருக்கிறது.
பட்டியலில் முள்ளிமுனை, மோர்ப்பண்ணை,
நம்புதாளையில் ஒரு விதவை:
வள்ளத்தோடு சேர்த்து
புருஷன்மேல் விழுந்த சிவப்பும் அவளுக்கு வந்திருக்கிறது.

"அன்னைக்கு ஏண்ணே வெளிய வித்தீங்க?"
நாலு வருஷம் பிந்திய கேள்வி.
"ஐஸ் வண்டி வரலையேம்மா.
திருவாடானைல படுத்துருச்சு.
ரெண்டு மணி வரை பாத்தேன், நண்டு சாக ஆரம்பிச்சிருச்சு."
எங்கள் வண்டி.
வள்ளம், எடை, தேதி, தொகை என்று முப்பது கட்டம் வைத்தோம்,
ஐஸுக்கு ஒன்று வைக்கவில்லை.

விதியைத் திறந்தேன். *மாற்றக் காரணம்?*
'ஐஸ் வண்டி வரவில்லை' என்றேன்.
*ஏற்கப்படவில்லை. பட்டியலில் தேர்க:
வணிகம். சட்டம். தவறு.*
தவறு.
*யாருடையது: சிஸ்டம் / பயனர்?*
கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பயனர்.

பச்சை விழுந்தது.
நோட்டை எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினார்.
"கம்ப்யூட்டருக்கு மனசு மாறிருச்சா?"
ஆமாண்ணே என்றேன்.

அவர் படியிறங்கிப் போன பிறகும்
அந்த 'ஆமா' அறையிலேயே நின்றது.
துடைத்த வட்டத்தில் மறுபடி ஆவி.
டப்பாவை முதலில் திறந்து
நாலு வாய் சோறு தின்றேன்.
பிறகு விதி ஒன்றிலிருந்து
நேரத்தை மட்டும் பார்க்கத் தொடங்கினேன்,
எதையெதைச் சாப்பாட்டுக்கு முன் எழுதினேன் என்று.