டவுன்

கூஸ் பே மருத்துவமனையில் செவ்வாய்தோறும்
ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு என் வேலை.
மூன்று நாற்காலி. நடுவில் இருப்பது என்னுடையது.

டாக்டர் கெல்பி தாளைப் புரட்டியபடி சொன்னார்:
"கட் டவுன். உப்பு, பீர், இரண்டையும்."

யூலாலியோவுக்கு அந்த இரு சொல்லும் தெரியும்.
நான் வாய் திறக்குமுன்பே அவர் முதுகு நிமிர்ந்தது.
இருபத்தாறு வருடமாய்ச் சோறு போட்ட சொற்கள்:
டக்ளஸ் ஃபர், சிடார், ஒருமுறை
மின்னல் பிளந்துபோட்ட ஹெம்லாக்.
"எதை வெட்டிச் சாய்க்கணுமாம்?
பீரையா?"

குறைத்துக்கொள்ளச் சொல்கிறார் என்றேன்.

"குறைப்பது வேறு, சாய்ப்பது வேறு.
பாதி அறுத்த மரத்தை நிற்கவிட்டு
எவனாவது வீட்டுக்குப் போவானா?
ராத்திரி காற்றடித்தால்
யார் தலையில் விழும்?"

ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.
டாக்டர் குறித்துக்கொண்டார்:
நோயாளி தயங்குகிறார்.

வெளியே மழை. அவருடைய டிரக்கின் கதவைப் பிடித்தபடி
விட்ட இடத்தில் தொடங்கினார்.
நிற்கிற மரத்தை டவுன் என்று வெட்டுவார்களாம்,
விழுந்து கிடப்பதைத் துண்டு போட்டால்
அதற்குப் பெயர் அப் ஆம்.
"படுத்துவிட்டதை எந்தப் பக்கம் மேலே வெட்டுவது?"
எனக்குத் தெரியவில்லை.
இங்கேயே பிறந்தவள், இதுவரை கேட்டுப்பார்த்ததில்லை.

போன மாதம் மில் வாசலிலும் அதே சொல் ஒட்டியிருந்ததாம்.
ரம்பத்தைத் தீட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.
வெட்டியது மரத்தை அல்ல,
வியாழன் வெள்ளி ஷிஃப்ட்டை.

பிறகு, வைப்பரைப் பார்த்துக்கொண்டே,
"கிரெசென்சியோவுக்குப் பேப்பரில் போட்டார்களே,
முப்பத்தொன்றில் கட் டவுன் என்று,
அதை மட்டும் யாரும் எனக்கு
மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை."

தம்பி. மேலே சிக்கியிருந்த காய்ந்த கிளை,
கயிற்றைத் தொடக்கூட இல்லை, தானாக.

மழைக்குக் குடை விரிக்க மறந்து நின்றேன்.
அவர் கேட்டது இதுதான்:
"ஒரு நாளைக்கு ஒரு கேன் என்றால்
உன் டாக்டர் ஒத்துக்கொள்வாரா?"

ஆறு வாரம் கழித்து அதே மூன்று நாற்காலி.
கைப்பட்டையின் காற்று புஸ்ஸென்று இறங்கியது.
டாக்டர் கெல்பி முதல்முறையாகச் சிரித்தார்.
"பிரஷர் டவுன்."

நான் சொல்லிமுடிக்கும் முன்பே யூலாலியோ
தோளைக் குறுக்கிக்கொண்டு
வெள்ளை சீலிங்கை
அண்ணாந்து பார்த்தார்.