கீழ் வீட்டுக் கூரை

வாடகை ஒப்பந்தத்தின் ஒன்பதாவது வரி:
ஆணி அடிக்கக் கூடாது, பூனை கூடாது,
இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது.
உறுமியைப் பற்றி எதுவும் இல்லை.
செந்தூலில் எண்ணூற்றைம்பது வெள்ளிக்கு
பதினோராவது மாடி கிடைத்த சந்தோஷத்தில்
நானும் கேட்கவில்லை.
பெட்ஷீட்டில் சுற்றி
அழுக்குத்துணி மூட்டைபோல் லிஃப்டில் ஏற்றினேன்.

மூன்றாம் வாரம் கதவிடுக்கில் ஒரு தாள்.
'தொலோங்' என்று தொடங்கி
'தெரிமா காசே' என்று முடிந்திருந்தது.
இடையில் இருந்த ஐந்து வரிகளில்
கோபத்தைத் தேடினேன்.
இல்லை. அதுதான் உறுத்தியது.
10-6, சுராயா. மருத்துவமனையில் இரவு வேலை.
பார்சல் கிடங்கிலிருந்து வந்து
நான் குச்சி எடுக்கும் மாலை ஐந்து மணி
அவருக்கு நடுநிசி.

முட்டை அட்டை முப்பது,
நாசி லெமாக் கடைக்காரர் சும்மா கொடுத்தது.
அது எதிரொலியைத்தான் தின்னும்,
சத்தத்தைத் தின்னாது என்று
ஒட்டி முடித்த பிறகு யுகேந்திரன் சொன்னான்.
சுவரோடு மெத்தையை நிறுத்தினேன்.
ஜன்னலுக்குக் கம்பளி. கதவடியில் சுருட்டிய சாரோங்.
தோலின் மேல் துண்டு,
துண்டின் மேல் இன்னொரு துண்டு.
உறுமி இப்போது
வயிறு சரியில்லாத நாய்போல் முனகியது.

அடிக்கிற முகத்தை அடக்கிவிடலாம்.
தேய்க்கிற முகத்தை என்ன செய்ய?
வளைகுச்சி தோலைப் பிடித்து இழுக்க வேண்டும்;
துணியில் அது வழுக்கிக்கொண்டு போகிறது.
பத்துமலைக்கு இன்னும் ஆறு வாரம்.
ஒத்திகையில் சிரித்தார்கள்:
"கை தூங்குது உனக்கு."

இரண்டாவது தாளில்
'தொலோங்' இரண்டு முறை இருந்தது.

மன்னிப்பை மலாயில் மனப்பாடம் செய்து
மறப்பதற்குள் சொல்லிவிட
படியிலேயே இறங்கினேன்.
கதவைத் திறந்தவர்
பாதி சீருடையில், பாதி தூக்கத்தில்.
நான் முடிப்பதற்குள்
"உள்ளே வா, நீயே கேள்" என்றார்.

மேலே யுகேந்திரன் இருந்தான்.
போனில் சொன்னேன், வாசிடா.
சோபாவின் நுனியில் உட்கார்ந்தேன்.
மீன்தொட்டி மோட்டார்.
தொலைவில் எல்.ஆர்.டி. திரும்பும் கிறீச்சிடல்.
யாரோ இஞ்சி இடிக்கிறார்கள்.
உறுமி?
இல்லை.
காதைத் தீட்டித் தேடியும் இல்லை.
முதலில் பெருமையாக இருந்தது,
உடனே யாரோ இறந்ததுபோல் இருந்தது.

பிறகு,
தொம்.
தொம். தொம்.
மீன்கள் பழகிவிட்டிருந்தன,
நான்தான் திடுக்கிட்டேன்.

குதிகால்.
எங்கள் குழுவில் எல்லாரும்
தாளத்தைக் குதிகாலில்தான் எண்ணுவோம்.
எண்ணுகிறோம் என்பதே தெரியாமல் எண்ணுவோம்.
சுவர், ஜன்னல், கதவு, தோல்
எல்லாவற்றையும் போர்த்தியவள்
வெறுங்காலோடு விட்டிருக்கிறேன் என்னை.

"இவன் பரவாயில்லை," என்றார் சுராயா கூரையைப் பார்த்து.
"நீ ஏழு எண்ணிவிட்டு நிறுத்திவிடுவாய்.
எட்டாவது வராது.
அதற்குக் காத்திருந்தே தூக்கம் போய்விடும்."

எட்டாவதில்தான்
எப்போதும் எனக்குக் கை பின்னும்.
முதலிலிருந்து தொடங்குவேன்.
எங்கள் வாத்தியாருக்கே பிடிபடாதது அது.

இப்போது மெத்தை மேல் சம்மணமிட்டு வாசிக்கிறேன்.
துண்டு ஒன்று போதும்.
அட்டைகளைப் பிய்த்தால்
பசைத் தடத்துக்கு டெபாசிட்டில் கழிப்பார்கள், இருக்கட்டும்.
குதிகாலை இழந்த தாளம்
தாடைக்கு ஏறிவிட்டது.
ராத்திரியில் கடைவாய்ப் பல் வலிக்கிறது.

இன்று ஐந்தேகாலுக்கு
எட்டாவது விழுந்தது.
சரியாக, அதன் இடத்தில்.
இன்னொரு முறை வாசித்தேன், மறுபடியும் விழுந்தது.

ஒரு தாள் எடுத்தேன்.
'காக் சுராயா' வரைக்கும் எழுதி
மடித்து வைத்துவிட்டேன்.
தூங்கட்டும்.