வெளி விழா

பன்னிரண்டு கிராம் வெள்ளி.
ஒரு பக்கம் மலை, மலையடியில் எங்கள் பிலிம் தொழிற்சாலை.
மறுபக்கம் இருபத்தைந்து என்ற எண்.
எண்ணைச் சுற்றி வளைந்தோடும் எழுத்தில்
ஒரு ‘ள்’ விட்டுப்போயிருந்தது:
வெளி விழா.

பூச்சுப் பிரிவில் விளக்கில்லை.
போஜன் கட்டைவிரல் நகத்தால் தடவித்தான் வாசித்தான்,
வாசித்துவிட்டுச் சிரித்தான்.
இருட்டில் சிரிப்பது யாரென்று
கடைசிவரை குரியன் சாருக்குத் தெரியவில்லை.

அச்சு வெட்டியது சேலத்தில்.
அவர்கள்மேல் தப்பில்லை,
ஊட்டியிலிருந்து போன தாளே அப்படித்தான்.
கையெழுத்திட்டவர் அதைச் சரிபார்த்தது
சிவப்பு விளக்கின் கீழே என்று கேன்டீனில் பேச்சு.
யாரும் மறுக்கவில்லை.

சுற்றறிக்கை வந்தது.
மூன்று நாளுக்குள் திருப்பித் தரவும்,
பதிலுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர்.
ஆயிரத்துச் சொச்சம் பேர்
கேரியரும் கையுமாக பிங்கர்போஸ்டில் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

திரும்பி வந்ததை வீணாக்கவில்லை.
அமிலத்தில் கரைத்து, உப்பாக்கி,
ஜெலட்டினில் கலந்து நாங்களே பூசினோம்.
அந்த மாதத்து எக்ஸ்ரே பிலிம் எந்தெந்த ஊர் போனதோ.
யாரோ மூச்சைப் பிடித்து நின்றிருப்பார்கள்.
எங்கள் பிழை அவர்கள் நெஞ்சில் விழுந்திருக்கும்,
எலும்பாக அல்ல,
எலும்புகளுக்கு நடுவே தெரியும் கறுப்பாக.
பிலிமில் கறுப்புதான் வெள்ளி.

என்னுடையதை நான் தரவில்லை.
தொலைந்துவிட்டதென்று எழுதிக் கொடுத்தேன்.
ஸ்டெல்லாவின் கொலுசோடு மூன்று முறை
மெயின் பஜார் அடகுக்கடைக்குப் போய்வந்தது.
எடை பார்த்தார்கள். எழுத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம் பிலிம் இல்லாமலே படம் விழும் காலம்.
ஒரு தை மாதம், புல்லில் உறைபனி இருக்க,
பிரிவு பிரிவாகக் கணக்கு முடித்தார்கள்.
கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றோம்.
பத்து மணி வெயில். கண் கூசியது.
போஜன் கேட்டான்:
“காசை வச்சிருக்கியா?
விழா இன்னிக்குத்தான்.”

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார்,
பழைய காசு சேர்ப்பவராம்.
பிழை இருந்தால் விலை கூடுதலாம்.
ஒரு தொகை சொன்னார். மூச்சு நின்றது.
பையிலிருந்து மஞ்சள் துணி எடுத்து
துடைக்கப் போனார்.

வேண்டாம் என்றேன்.
அலமாரி இருட்டில் இத்தனை வருஷமாக
அது கழுவப்பட்டுக்கொண்டிருக்கிறது.
மலை வந்துவிட்டது.
தொழிற்சாலை இப்போதுதான்
பாதி.