மூன்று விரற்கடை

பங்கு பிரித்த அன்று ரெவாஸ் மிக நியாயமாக நடந்துகொண்டான்.
பசு அவனுக்கு, கன்று எனக்கு.
தையல் மெஷின் எனக்கு, மரமறுக்கும் மெஷின் அவனுக்கு.
வேன் என் அப்பா பணத்தில் வாங்கியது, எனக்கு.
டயர் நான்கும் போன வருஷம் சேர்ந்து வாங்கியவை,
ஆகவே ஆளுக்கு இரண்டு.
ஜாக்கி வைத்துப் பின்னிரண்டையும் கழற்றித்
தெருச் சரிவில் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போனான்.
சாட்சிக்கு வந்த அவன் அக்கா
நட்டுகளை எண்ணி என் கையில் கொட்டினாள்.
பன்னிரண்டு. ஒன்றும் குறையவில்லை.

வேன் டெலிக்கா. ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்தது,
ஸ்டியரிங் இன்னும் வலப்பக்கம்.
கோடை முழுக்க மெஸ்தியாவிலிருந்து உஷ்குலிக்கு ஆளேற்றிப் போவேன்.
வலப்பின்னுக்கு அவ்தாண்டில் ஒரு டயர் தேடித் தந்தான்,
ரொட்டி வண்டியில் தேய்ந்தது.
இடப்பின்னுக்கு, என் தம்பி கவிழ்த்த பஜேரோவில் மிஞ்சியது.
ஃபோர்-வீல் லிவர் பனிக்காலத்திலேயே
நான்கில் போட்டது போட்டபடி துருவேறி நின்றுவிட்டது.
யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை,
இந்த மலையில் என்றைக்குச் சேறு இல்லை?

சேற்றில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
சேறு கணக்குக் கேட்பதில்லை.
கொஞ்சம் வழுக்கும், கொஞ்சம் கண்டும் காணாமல் விடும்,
நெட்டையையும் குட்டையையும்
ஒரே வண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

பிறகு கான்கிரீட் போட்டார்கள்.

ஆடு வெட்டினோம், ஒயின் ஊற்றினோம்,
மறுநாளே வளைவுகளில் வேன் இடறத் தொடங்கியது,
பாவாடையை யாரோ பின்னாலிருந்து மிதிப்பதுபோல.

அவ்தாண்டில் சாக்பீஸ் எடுத்தான்.
டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு,
ஒரு முழுச் சுற்றுத் தள்ளி இன்னொன்று.
முன்சக்கரம். பின்சக்கரம்.
மிச்சத்தில் விரல்களை வைத்தான்:
மூன்று விரற்கடை.
"இது ஒரு சுற்றுக்கு. ஒரு கிலோமீட்டருக்கு இருபது மீட்டர் தாண்டும்.
முன்னது நடந்த தூரத்தைப் பின்னது ஒப்புக்கொள்ளாது.
நடுவில் கிடக்கிற பல்சக்கரம்தான் ரெண்டு பேர் அடியையும் வாங்கும்."

நான்கும் புதிதாக என்றால்?
சொன்னான். கன்றை விற்றாலும் ஒன்றுதான் வரும்.
லிவரைச் சரிசெய்தால்?
பெட்டியை இறக்கணும், பத்து நாள்.
அப்போது ஆகஸ்ட்.
"அப்படியானால் அவ்வப்போது
வலப்பக்கத்தை ஓரச் சேற்றில் இறக்கி ஓட்டு.
சேறு கிடைக்காத இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் பின்னால் போ.
முறுக்கு விட்டுவிடும்."
இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
டயரைத்தான் பார்த்தான். நல்லவன்.

கலா கிராமத்துக்குக் கீழே, மூன்று போலந்துக்காரர்களோடு,
அடியில் மடாரென்று ஒன்று வெடித்தது.
எதுவும் உடையவில்லை.
வலப்பக்கத்தை இறக்கினேன். சேறு என் ஜன்னலுக்கு நேர் கீழே.
நெட்டி முறிப்பதுபோல் இரண்டு சொடுக்கு,
ஸ்டியரிங் லேசானது.
அப்படியே உருண்டுகொண்டிருந்தபோது
எதிரே ஒரு வெள்ளை வேன் வந்தது,
அதுவும் தன் வலப்பக்கத்தை அந்தப்புரச் சேற்றில் இறக்கிக்கொண்டு.

பெரியப்பா மகனோடு பங்குபோட்டு ரெவாஸ் வாங்கிய வண்டி.
முன்னால் என் பின்னிரண்டு. பின்னால் எவனுடையதோ.
எங்கள் இருவருக்கும் இடையில்
இரண்டு காலி இருக்கைகளும்
ஒருவரும் மிதிக்காத நல்ல கான்கிரீட்டும்.
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை எடுத்தான்.
எந்த வண்டிக்கும் எடுக்கிற விரல்தான்.
நானும் எடுத்தேன்.
அவன் அச்சும் என்னுடையதைப் போலவே முனகிக்கொண்டு போனது.

தெரிந்தவரா என்று கேட்டாள் பின்னாலிருந்த பெண்.
நான்கில் இரண்டு தெரியும் என்றேன்.
என் ரஷ்யமொழியைக் குறை சொல்லாமல் தலையாட்டினாள்.

அடுத்த வளைவில் ஓரமெல்லாம் பாறை, சேறில்லை.
நிறுத்தினேன்.
ரிவர்ஸ் போட்டு, கண்ணாடியில் பார்த்தபடி,
மெதுவாக ஒரு வேன் நீளம் பின்னால் போனேன்.
சாலையில் யாரும் இல்லை.