மறுத்தார்

பத்தேகாலுக்குத் தூக்குவாளியோடு வந்தார் தம்பிக்காரர்.
உசிலம்பட்டிக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு
கோரிப்பாளையத்தில் வாங்கிய பருத்திப்பால்.
மூடியைத் திறந்ததும் சுக்கும் கருப்பட்டியும்
வார்டின் பினாயில் வாசத்தை
ஒரு நிமிஷம் வென்றன.
"இதுல பொடிச்சுப் போட்டா தெரியாது சிஸ்டர்.
வீட்ல நாலு மாசம் அப்படித்தான் ஓட்டுனோம்,
ரசத்துல வெள்ளையா மிதந்ததை அவ பார்க்குற வரைக்கும்."

கட்டிலில் ஒச்சம்மா. ஐம்பத்திரண்டு வயது.
பதினோரு நாளாய் வாழைப்பழம்தான்,
அதுவும் தானே உரித்து.
'சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்கிறார்'
என்று சேர்க்கைத் தாளில் எழுதியிருக்கிறது,
நோய்க்குறிகளின் கீழே.
நாலு மாதம் அந்த வீட்டில்
உள்ளதைச் சொன்னவள் அவள் ஒருத்திதான்
என்பதை எதன் கீழே எழுதுவது?

மனித வளர்ச்சியின் எட்டுப் படிகளை
இரண்டாம் ஆண்டில் மனப்பாடம் செய்தேன்.
பச்சை மசி, அடிக்கோடு, பத்து மதிப்பெண்.
பால் தரும் கையை நம்பலாமா என்று
பிள்ளை தீர்மானிப்பது முதல் படி.
வயதுக் கணக்கில் ஒச்சம்மா ஏழாவதில் இருக்கவேண்டும்.
டம்ளரை மோந்து பார்க்கும்போது
நரைத்த தலையோடு முதலாவதில் நிற்கிறாள்,
எதிரே கையை நீட்டிக்கொண்டு நான்.
ஏறிய படி ஏறியதுதான் என்று
புத்தகம் சொல்லவில்லை.
நான்தான் அப்படிப் படித்துவிட்டேன்.

நன்மை செய், தீங்கு செய்யாதே,
நியாயமாய் நட, அவர் விருப்பத்தை மதி.
வகுப்பில் நாலும் ஒரே பெஞ்சில் சமர்த்தாய் இருந்தன.
இங்கே ஒன்றின் சடையை ஒன்று பிடித்து இழுக்கிறது,
அதுவும் ராத்திரியில்.

போன சித்திரையில் திருமங்கலத்துப் பையனுக்கு
உப்புமாவில் கலந்தேன்.
டாக்டருக்குத் தெரியும், தாய்க்குத் தெரியும்,
அவனுக்கு மட்டும் தெரியாது.
தேறினான்.
வீட்டுக்குப் போகும் அன்று
பால்கோவாப் பொட்டலத்தை என் கையில் திணித்து,
"நீங்க ஒருத்தர்தான் எங்கிட்டப் பொய் சொல்லல" என்றான்.
பிரிக்காமலே அதை யாருக்கோ கொடுத்தேன்.
நன்மை நடந்தது.
நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

தூக்குவாளியை மூடச் சொன்னேன்.
"அப்ப பட்டினி கெடந்து சாகட்டுங்குறீங்க" என்றார் தம்பி.
அந்தக் கோபத்துக்கு என்னிடம் பதில் இல்லை.
நாலு மாதம் தூங்காத கண்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
தாள் பிரிக்காத மாத்திரையை உள்ளங்கையில் வைத்து,
"ஒச்சம்மாக்கா, இது மாத்திரை.
வாய் வறளும். கை லேசா நடுங்கலாம். தூக்கம் வரும்.
பயம் கொறையும்னு நெனைக்கிறோம்."
"நெனைக்கிறீகளா?"
"நெனைக்கிறோம்."

பனகல் சாலையில் ஒரு ஆம்புலன்ஸ்
அலறி உள்ளே திரும்பி, சட்டென்று அடங்கியது.

"அந்தப் பால்ல என்ன இருக்கு?"
"பருத்திப்பால்தான்."
"நீ குடி."
குடித்தேன். நாக்கு சுட்டது.
என் எச்சில் டம்ளரை வாங்கி
மீதியை அவள் குடித்தாள், கடைசித் துளிவரை,
கண்ணை என்மேல் வைத்தபடி.
மாத்திரையைத் தொடவில்லை.

பதினொன்று நாற்பது.
மருந்து விளக்கப்பட்டது. மறுத்தார்.
பருத்திப்பால் நூறு மில்லி பருகினார்.
காலை ரவுண்ட்ஸில் எனக்குத் திட்டு உண்டு.

நாலு மணிக்குக் கூப்பிட்டாள்.
"அந்தத் தாளை இன்னொருக்காக் காட்டு."
ஓரமெல்லாம் நகத்தால் தடவினாள்,
எங்காவது ஊசித்துளை இருக்கிறதா என்று.
இல்லை.
"தலகாணிக்கு அடியில வச்சுக்கிறட்டா?"
"கூடாதுக்கா. விதி."
"அப்ப விடிஞ்சு நீயே கொண்டா."

விடிஞ்சா என் டூட்டி முடிஞ்சிரும்க்கா,
வேற ஒருத்தர் வருவாங்க.

அதை மட்டும்
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
சொன்னேன்.